கவர் பிரிக்காத மெத்தை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மெத்தைக் கடை இருந்ததாம். அந்தக் கடையில் பதினெட்டு மெத்தைகள் படுத்துக் கிடந்தனவாம், ஒரே ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டே இருந்தானாம். அந்த நின்றவன் நான்தான்.

எங்கள் தாத்தா எந்தக் கதையையும் இப்படி 'ஒரே ஒரு' போட்டுத்தான் தொடங்குவார். சங்கரன்கோவிலில் இன்னும் மெத்தைக் கடைகள் உண்டு. கதைக்கு ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற தெருவில் எங்கள் கடை. ஜவுளிக் கடையிலோ செருப்புக் கடையிலோ பாத்திரக் கடையிலோ காலை ஒன்பது மணியிலிருந்து நின்று நின்று வீங்கின கால்கள் உங்களுக்கும் இருந்தால் நாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் உட்கார்ந்துகொண்டே படியுங்கள், பரவாயில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. மனுசன் தன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கை மெத்தை மேல்தான் கழிக்கிறான். ஆனால் அதை வாங்க வரும்போதுதான் அவனுக்குச் சிக்கனம் ஞாபகம் வரும். டிவி சுவர் அகலத்துக்கு வேண்டும், வாசல் கதவில் யானை செதுக்க வேண்டும், பீரோவில் ஆள் உயரக் கண்ணாடி வேண்டும். மெத்தை மட்டும், "ஏதாவது கம்மில போடுங்க." கண்ணை மூடிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணமாக இருக்கும்.

என் குரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது ரொம்ப மெல்லிசு. பஞ்சுக்கும் ஃபோமுக்கும் நடுவில் மூன்று வருஷம் நின்றதில் இன்னும் மெல்லிசாகிவிட்டது. எங்கள் முதலாளி அண்ணாச்சி சொல்வார், "ஏலே, நீ பேசுதது உன் சட்டைப் பித்தானுக்குத்தான் கேக்கும்."

பாதிக் கட்டில்

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். மானாவாரி வெள்ளாமைக்காரர். அவர் எந்த மெத்தையிலும் உட்காரவில்லை. ஆட்டுக்குச் சதை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே போனார். பின்னாலேயே அந்த அம்மா, அவர் அமுக்கின இடத்தை உள்ளங்கையால் தடவிச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"ஆறடி அகலக் கட்டில் தம்பி. ஆனா இடுப்பு வலி இவளுக்கு மட்டுந்தான்" என்றார் அவர். "எனக்கு ஒண்ணுமில்ல. அதனால இவ பக்கத்துக்கு மட்டும் மூணடியில ஒண்ணு போட்டாப் போதும். என் பக்கம் பலகையே கிடக்கட்டும்."

"ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமா இருக்குமே அண்ணாச்சி" என்றேன். வழக்கம்போல அவர் காதுக்கு அது போய்ச் சேரவில்லை. அந்த அம்மாவின் காதுக்கு எட்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் அந்த ஆறங்குல உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார்:

"சரி தம்பி, அப்படியே போடுங்க. இத்தன வருசத்துக்குப் பொறவாவது நான் கொஞ்சம் உசரத்துல இருந்து இவுகளப் பாக்கேன்."

தூண் பக்கத்து மெத்தை

எங்கள் கடைக்கு எதிரில் சாக்கு விரித்து உட்கார்ந்து பூ விற்கிறவர் பேச்சியக்கா. ஐம்பதை நெருங்கின வயது, நாலே முக்கால் அடி உயரம். புருஷன் இல்லை. ஒரே மகள் மாரி. அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அக்காவின் முழம் தெருவில் பேர்போனது. முழங்கையில் தொடங்குகிற பூச்சரம் விரல் நுனிக்குப் போகவே போகாது. விரல்கள் அதற்கு முன்னாலேயே மடங்கி வரவேற்றுவிடும். "அக்கா, கை மழையில நனைஞ்சு சுருங்கிட்டோ?" என்று கேட்டுக்கொண்டே வாங்குவார்கள். "மல்லி விக்கிற விலைக்குக் கை நீளுமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கொடுப்பார். கூடையில் ஸ்கேன் பண்ணுகிற அட்டை தொங்கும். அதில் விழுகிற பணத்தில் மட்டும் அளவு குறையாது.

விடியுமுன்னே பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டும். அப்புறம் நாள் முழுக்கச் சம்மணம். வீட்டில் படுப்பது சிமெண்டுத் தரையில் ஒரு கோரைப்பாய் மேல். இடுப்பு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தரையில் படுப்பதை விடாவிட்டால் கொஞ்ச நாளில் உட்காரவே முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். உட்கார முடியாவிட்டால் பூ இல்லை. பூ இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம் எப்படி? இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர்தான், தூண் பக்கத்து மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு.

மத்தியானம் மூன்று மணிக்குக் கடை அசையாமல் கிடக்கும். முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பார். பின்கட்டில் தையல் மாடசாமி அண்ணன் பஞ்சு அடைத்துக்கொண்டிருப்பார். பஞ்சுப் பிசிறுகள் வெயில் கோட்டுக்குள் ஏறி, இறங்க மனசில்லாமல் மிதக்கும். அந்த நேரம் பேச்சியக்கா ரோட்டைத் தாண்டி வந்து, செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, தூண் பக்கத்து ஒற்றை மெத்தையில் படுப்பார். பொருளைச் சோதிக்கிறாராம். படுத்த ரெண்டாவது நிமிஷம் மூச்சு சீராகிவிடும். புளியங்குடி பஸ் ஹாரன் அடித்துத் திரும்பும்போது எழுந்துகொள்வார். அந்த மெத்தை முழுக்க மல்லிகை வாசம் ஏறி, கம்பெனியே செண்டு போட்டு அனுப்புகிறது என்று வாடிக்கையாளர்கள் நம்பினார்கள். இப்படி ஒரு வருஷம்.

ஒருநாள் முதலாளி சீக்கிரம் வந்துவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்கா பதறவில்லை. எழுந்து, கொண்டையைச் செருகி, மெத்தையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"இன்னும் பிடிபடல அண்ணாச்சி. நாளைக்கும் ஒருக்கப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

நீங்க எதுல படுக்கீய?

கவர்மெண்ட் ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர், மனைவியோடும் மச்சினனோடும் வந்து ஒரு மணி நேரம் எல்லா மெத்தையையும் விசாரித்தார். நானும் தேங்காய் நார், ஃபோம், ஸ்பிரிங், இலவம்பஞ்சு என்று எல்லாவற்றையும் எனக்கு வருகிற குரலில் விளக்கினேன். விலையில் நடுவாந்தரமான ஒன்றில் வந்து நின்றார்கள். பில் போடப் போகிற நேரம் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தினம் மெத்தைக்குள்ளயே நிக்கீயளே தம்பி, நீங்க வீட்டுல எதுல படுக்கீய?" என்றார். வயசில் பெரியவர் நேராகக் கேட்கிறார். பொய் வரவில்லை. "பாய்லதான் சார்" என்றேன்.

எந்த நாளும் கேட்காத என் குரல் அன்றைக்குப் பார்த்து மூன்று பேருக்கும் கேட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்த்த கடையில் ரெண்டு கோரைப்பாய் வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் கடை வழியாகவேதான் நடந்து போனார்கள். முதலாளி அவர்கள் தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்:

"ஏலே, உண்மையச் சொல்லுததுலயும் ஒரு சிக்கனம் வேணும்."

பன்னிரண்டு மணி

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பண்ணுகிற ஒருவர் புதிதாக லாட்ஜ் கட்டியிருந்தார். ஆள் உள்ளே வந்தாலே கடை முழுக்க ஒரு கிளாஸ் சர்பத் வைத்த மாதிரி இருக்கும். பத்து ரூமுக்கும் மெத்தை எடுக்கணும் என்றதும் முதலாளிக்கு முகம் மலர்ந்து, என்னை நாற்காலி போடச் சொல்லி, அவருக்குக் காப்பி வாங்கிவரச் சொல்லி, ஒரே அமர்க்களம். நான் ஆறங்குலத்தில் தொடங்கினேன். அவர் இன்னும் மெல்லிசு கேட்டார். நாலு அங்குலம் காட்டினேன். இன்னும் மெல்லிசு. கடைசியில், பரணில் மடித்துப் போட்டிருந்த ரெண்டு அங்குலத்தை இறக்கினோம். அதை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியும்.

"இதுல படுத்தா கட்டில் பலகை முதுகுல கோடு கோடா அச்சு விழும் அண்ணாச்சி" என்று முதலாளியே மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். வியாபாரத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எலுமிச்சைக்காரர் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்:

"நல்லாத் தூங்கிட்டாம்னா பன்னெண்டு மணிக்கு ரூமக் காலி பண்ண மாட்டான் வே."

கவர்

ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. கடையில் எடுத்த மெத்தை ராத்திரியெல்லாம் சத்தம் போடுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, வந்து பாருங்கள். எடுத்து ரெண்டு வருஷம் இருக்கும். ஃபோம் மெத்தை எப்படிச் சத்தம் போடும் என்று நானும் மாடசாமி அண்ணனும் யோசித்துக்கொண்டே சைக்கிளில் போனோம். தாத்தாவின் கதைகளில் பேசுகிற கட்டில்கால் உண்டு, பறக்கிற கம்பளம் உண்டு. முனகுகிற மெத்தை எனக்குத் தெரிந்து இல்லை.

போய்ப் பார்த்தால், கடையிலிருந்து அனுப்பின பிளாஸ்டிக் கவரோடு அப்படியே கிடக்கிறது. அதற்கு மேல் விரிப்பு, விரிப்புக்கு மேல் பூப்போட்ட போர்வை. கையை வைத்தால் மொறுமொறு என்கிறது. போன் பண்ணினது மாமியார். "பிரிச்சாப் பழசாயிரும்லா. பேரனோ பேத்தியோ வரட்டும், பொறவு பிரிச்சுக்கிடலாம்னு வச்சிருக்கேன்" என்றார். மாடசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மருமகள் திரும்பாமலே சொன்னாள்:

"முதல்ல அந்தக் கவரப் பிரிக்கச் சொல்லுங்கண்ணே. மத்ததெல்லாம் அப்புறந் தானா வரும்."

நாலு முழம், அஞ்சு முழம்

கார்த்திகை பிறந்ததும் பேச்சியக்கா ஒரு நாள் மூன்று மணிக்கு வராமல் பதினொரு மணிக்கே, முதலாளி இருக்கும்போதே வந்தார். அன்றைக்குப் புதுச் சேலை. மாரிக்குச் சீர் மெத்தை. கட்டில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. சிவகிரியில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது விலைக்குக் கிடைத்த தேக்குக் கட்டில். கால் ஒவ்வொன்றும் யானைக் கால். "அளவு?" என்றார் முதலாளி. "என் கையாலயே அளந்துட்டேன். நாலு முழம் அகலம், அஞ்சு முழம் நீளம்" என்றார் அக்கா.

முதலாளி ஒரு முழத்துக்கு ஒன்றரை அடி என்று போட்டு, ஆறடிக்கு ஏழரை அடி என்று எழுதச் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது. ஏழரை அடியில் யார் கட்டில் செய்வார்கள்? "பழைய பெரிய வீட்டுக் கட்டில்லா, அந்தக் காலத்துல அப்படித்தான் கெடக்கும்" என்றார் முதலாளி. கல்யாண சீசன், அக்காவுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். "நான் வேணா வந்து டேப் வச்சு அளக்கட்டுமாக்கா?" என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. "என் முழத்து மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்றார். தெருவில் தினமும் நூறு பேர் கேட்கிற கேள்வியை நானும் கேட்டுவிட்டேனே என்று வாயை மூடிக்கொண்டேன்.

தூண் பக்கத்து மெத்தையின் ரகம், அதில் ஒரு அங்குலம் கூடுதல் கனம், மேலே மயில் கழுத்துப் பச்சையில் துணி. விலை குறைந்த ரகத்தை முதலாளியே எடுத்துக் காட்டினார். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கு ஒரு வருஷமாகப் பிடிபடாத மெத்தை, மகளுக்கு என்றதும் ஒரே நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"பூவுல குறையும், அது வேற. பிள்ளைக்கு நான் குறைக்க மாட்டேன். எழுதிக்கோ தம்பி."

கட்டிலுக்கு வெளியே

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது நானும் மாடசாமி அண்ணனும் மினி லாரியில் அக்கா வீட்டுக்குக் கொண்டு போனோம். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சீர் பார்க்கக் கூடிவிட்டார்கள். மெத்தையைக் கட்டிலில் வைத்தோம். சின்ன இலையில் பெரிய அப்பளம் வைத்த மாதிரி அது மூன்று பக்கமும் வெளியே வழிந்து தொங்கியது. கால்மாட்டில் ஒரு பெரிய துண்டு மடங்கித் தரையைத் தொடப் பார்த்தது. கதைகளில் ராட்சசன் வீட்டு மெத்தை இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

"அளவ மாத்தி வெட்டிட்டீய" என்றார் பேச்சியக்கா. எல்லார் முன்னாலும் மறுபடி முழம் போட்டார். அகலம் நாலு. நீளம் அஞ்சு. இம்மி பிசகவில்லை. மாடசாமி அண்ணன் டேப்பை எடுத்தார். கட்டில் ஐந்தடிக்கு ஆறேகால் அடி. அப்புறம், அக்காவின் கையைப் பக்குவமாகப் பிடித்து, முழங்கையிலிருந்து மடங்கின விரல் வரைக்கும் டேப்பை வைத்தார். பதினைந்து அங்குலம். முழத்துக்கு மூன்று அங்குலம் குறைவு. முப்பது வருஷமாக அந்த அளவிலேயே மடங்கின விரல்கள், பெற்ற மகளின் கட்டிலுக்குக்கூட நீளத் தெரியாமல் நின்றுவிட்டன. அக்கா தன் கையையே வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்தார்.

கூட்டத்தில் ஒரு பெண், தினம் ரெண்டு முழம் வாங்குகிறவள், மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நான் இத்தன வருசம் வாங்குன பூவுக்கெல்லாம் மிச்சம் எங்கக்கா?" அக்காவுக்கு வெட்கம் வந்து நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் வரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த மெத்தையைக் கையால் காட்டினார்:

"இந்தா, தொங்குதுல்லா."

ஒட்டுப்போட்ட மெத்தை

அளவு சொல்லிச் செய்கிற மெத்தைக்குத் திருப்பி எடுக்கிற வழக்கம் கிடையாது. முதலாளியும் முழத்தை நம்பி எழுதச் சொன்னவர் என்பதால் வெட்டித் தைக்கிற கூலியை விட்டுக்கொடுத்தார். மாடசாமி அண்ணன் மெத்தையைக் கட்டில் அளவுக்கு வெட்டினார். அகலத்தில் பன்னிரண்டு அங்குலப் பட்டை ஒன்றும், நீளத்தில் பதினைந்து அங்குலப் பட்டை ஒன்றும் மிஞ்சின. அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ரெண்டையும் பசை போட்டு ஒட்டி, மிஞ்சின மயில் கழுத்துத் துணியிலேயே உறை தைத்தார். ரெண்டேகால் அடி அகலம், ஐந்தடி நீளம். ஊரில் எந்தக் கட்டிலுக்கும் ஆகாது. நாலே முக்கால் அடி உயரமுள்ள ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அளவெடுத்த மாதிரி இருந்தது.

நான்தான் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன், புதுக் கவர் போட்டு. அதுதான் நான் செய்த தப்பு. கல்யாணம் முடிந்து மாரி புருஷன் வீட்டுக்குப் போன பிறகும் அந்த மெத்தை கவரோடு சுவரில் சாய்ந்தே நின்றது, வீட்டுக்கு வந்த ஆபீசர் மாதிரி. அக்கா அதன் காலடியில் கோரைப்பாயில் படுத்தார். மூன்று மணிக்கு வழக்கம்போல எங்கள் கடைக்கு வந்து தூண் பக்கத்து மெத்தையைச் சோதித்தார். இடுப்பு இன்னும் மோசமாகியிருந்தது. படியேறும்போது ஷட்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல ஒண்ணு நிக்கில்லாக்கா. கவரப் பிரிச்சு அதுல படுங்க" என்றேன்.

"என்ன சொன்ன?"

"கவரப் பிரிங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்:

"மறுவீட்டுக்கு ஆளு வந்தா எதப்பா விரிப்பேன்? நீ தூங்க விடு."

மிச்சப் பாதி

மாசியில் மேலநீலிதநல்லூர்க்காரர் தனியாக வந்தார். ஆள் இளைத்திருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, முடியல. அவ மேல இருந்து பேசுதா, நான் கீழ இருந்து கேக்க வேண்டியதாயிருக்கு. என் பக்கத்துக்கும் மூணடியில ஒண்ணு குடுங்க. புதுசுதான் வேணும்னு இல்ல" என்றார்.

முதலாளி கடையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை தூண் பக்கத்தில் போய் நின்றது. "அது காட்சிக்குக் கிடந்ததுதான். குறைச்சுப் போட்டுத் தாரேன், எடுத்துக்கிடுங்க" என்றார். "அண்ணாச்சி, அது வேண்டாம்" என்றேன் நான். சட்டைப் பித்தான் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை சொல்வதற்குள் இருவரும் மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது அவர் மூக்கை மெத்தையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம்:

"மல்லியப்பூ வாசம் வருதே தம்பி. இதுக்குத் தனியாத் துட்டு கேக்க மாட்டீயளே?"

வெயிலில் எழுந்தவர்

மூன்று மணிக்கு அக்கா வந்தார். செருப்பை ஜோடியாக வைத்தார். தூண் பக்கத்தில் வெறும் சிமெண்டுத் தரை, மெத்தை அளவுக்கு மட்டும் தூசி இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. "வித்துட்டீயளா?" என்றார். தலையாட்டினேன். "நல்ல மெத்தை" என்றார், செத்துப்போன ஒருவரைப் பற்றிச் சொல்வது போல. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி ரோட்டைத் தாண்டினார். நாலு நாள் அந்த நேரத்தில் கூடை மேலேயே கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சுப் பிசிறு வெயிலில் மிதந்துகொண்டே இருந்தது. புளியங்குடி பஸ் வந்தது, போனது.

ஐந்தாம் நாள் காலையில் சாக்கு விரிக்கவில்லை. ஒன்பது மணி, பத்து மணி. கோயிலுக்குப் போகிறவர்கள் வெற்று இடத்துக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "அக்காவ எங்க?" என்று எங்கள் கடையில் வந்து கேட்டார்கள். முப்பது வருஷத்தில் கல்யாணத்தன்றைக்கு மட்டுமே காலியாக இருந்த இடம் அது. ஆஸ்பத்திரியில் சொன்ன அந்தக் கொஞ்ச நாள் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். முதலாளியும் கல்லாவில் உட்காரவில்லை. தூண் பக்கமே வராமல் சுற்றிச் சுற்றி நடந்தார்.

பதினொன்றரைக்கு, தெரு முனையில் கூடை தெரிந்தது. கூடைக்குக் கீழே பேச்சியக்கா, கண்ணெல்லாம் உப்பி, கன்னத்தில் துணியின் சுருக்கம் அச்சு விழுந்து. நேராக எங்கள் கடைக்கு வந்தார். ஷட்டரைப் பிடிக்காமல் படியேறினார்.

"ஏலே, இங்கன வா. என்ன மெத்தைலே அது? கண்ண மூடுனேன். முழிச்சா ஜன்னல்ல வெயிலு அடிக்கி. மார்க்கெட்டக் கூட்டிப் பெருக்கிட்டான். மல்லி இல்ல, பிச்சி இல்ல. வாடுன கனகாம்பரந்தான் கிடைச்சுது. இன்னைக்குப் பொழப்பு போச்சு."

"கவரப் பிரிச்சீயளாக்கா?"

"பின்ன? நீங்க அத வித்துப்புட்டீய. நான் எங்க போக?"

"இடுப்பு?"

அக்கா பேச்சை நிறுத்தினார். ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றதும் காதைத் தீட்டிக் கேட்பார்களே, அந்த மாதிரி கொஞ்ச நேரம் உள்ளுக்குள் கேட்டார். "அத நான் கவனிக்கலையே" என்றார். முதலாளி கல்லாவில் போய் உட்கார்ந்து, இல்லாத பில் ஒன்றைத் தேடத் தொடங்கினார்.

அக்கா கூடையிலிருந்து ஒரு சரம் எடுத்து, எங்கள் சாமி படத்துக்கென்று முழம் போட்டுக் கிள்ளி என் கையில் கொடுத்தார். அப்புறம் இடுப்பில் செருகியிருந்த செல்லை நீட்டி, "இதுல அலாரம் வச்சுக்குடு. அதுக்குத் துட்டு பிடிக்குமா?" என்றார்.

"பிடிக்காதுக்கா."

"அப்போ ரெண்டா வையி."

வைத்துக் கொடுத்தேன். ரோட்டைத் தாண்டி, வெயிலுக்குள், இடுப்பில் கை வைக்காமல் நடந்து போனார். சாமி படத்துச் சரத்தை மாட்டுவதற்கு முன் டேப் வைத்துப் பார்த்தேன், பதினைந்து அங்குலம்தான். மூன்று வருஷம் மெத்தை விற்றதில் என் பேச்சைக் கேட்டுக் கவர் பிரித்துப் படுத்தவர் இந்த ஒரே ஒருத்தர், அவரும் வந்தது புகார் சொல்லத்தான்.